ஆனியில் பார், ஆடியில் எடு: சேலத்தில் துணி எடுப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எனக்குத் துணிப் பைத்தியம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். நான் மறுத்ததில்லை. கடைவீதியில் புதுச் சேலை கட்டி நிற்கும் பொம்மையைப் பார்த்தால் ஸ்கூட்டி பிரேக்குக்குக் கை தானாகப் போய்விடும். பிறந்து வளர்ந்தது அம்மாபேட்டை. தறிச் சத்தத்தில் தூங்குவேன், அது நின்றால் விழித்துக்கொள்வேன். அப்படிப்பட்ட நானே பல வருடம் கடைக்காரர் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிப் பணத்தைக் கொட்டியிருக்கிறேன். 'நியூ கலெக்‌ஷன்' என்று பலகை வைத்தால் அது புதுசு, அவ்வளவுதான் என் அறிவு.

ஒருநாள் நெசவுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட என் அத்தையிடம், அந்த வருடம் எல்லோரும் கட்டிக்கொண்டிருந்த ஒரு சேலையைப் பெருமையாக விரித்துக் காட்டினேன். அவர் சேலையைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது நாங்க ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஓட்டின புட்டா கண்ணு. பேரு மாத்தி வெச்சா புள்ள புதுசா பொறந்துருமா?" புட்டா என்பது துணியில் நெய்கிற சின்னப் பூ வேலை. அன்றைக்குத்தான் உறைத்தது. சேலத்தில் இருக்கிற நமக்கு, துணி எங்கே நெய்யப்படுகிறது, எப்போது கடைக்கு வருகிறது என்று நேரில் பார்க்கிற வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் பொம்மையைப் பார்த்து மயங்குவது நம் தப்பு. அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட வழியை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: கடைக்குப் போகுமுன் பீரோவைக் கொட்டுங்கள்

மடித்து வைத்ததை எல்லாம் கட்டிலில் போட்டு, ஒவ்வொரு சேலையையும் அதன் ஜாக்கெட்டோடு சேர்த்துப் பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து, போனில் தனி ஆல்பமாக வையுங்கள். நான் முதல்முறை செய்தபோது கடுகு மஞ்சளில் அரக்கு பார்டர் மட்டும் ஏழு இருந்தது. ஏழும் ஏழு சந்தர்ப்பத்தில் 'இந்தக் கலர் என்கிட்ட இல்லையே' என்று எடுத்தவை. இப்போது கடையில் கை நீளும்போது அந்த ஆல்பத்தைத் திறந்தால் போதும், கை தானாக மடங்கும். ஜாக்கெட் இல்லாத சேலை, பால்ஸ் (சேலையின் அடி ஓரத்தில் உள்பக்கம் தைக்கிற பட்டை) தைக்காத சேலை எத்தனை இருக்கிறது என்பதையும் எண்ணுங்கள். அவற்றை முடித்தாலே இரண்டு புதுச் சேலை எடுத்த மாதிரி.

படி 2: மாதக் கணக்கைப் பிடியுங்கள்

துணிக்கடையின் வருடம் ஜனவரியில் தொடங்குவதில்லை. ஆடியில் தொடங்குகிறது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை வரும் ஆடியில் கல்யாணம் கிடையாது, புதுமனை புகுவது கிடையாது, அதனால் பட்டு வியாபாரம் படுத்துவிடும். ஆவணியில் முகூர்த்தம், பின்னாலேயே தீபாவளி. அந்தச் சரக்கை அடுக்க இடம் வேண்டும், முதல் வேண்டும். பழையதைத் தள்ளியாக வேண்டும். ஆடித் தள்ளுபடியின் கதை இவ்வளவுதான்.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரிந்துகொள்ளலாம். ஆடியில் புது டிசைன் தேடாதீர்கள், கிடைக்காது. தீபாவளிக்கு முந்தின வாரம் மலிவு தேடாதீர்கள், அதுவும் கிடைக்காது. புதுசு வேண்டுமென்றால் ஆவணி நடுவில் போங்கள். சரக்கு அப்போதுதான் பிரித்து அடுக்கப்பட்டிருக்கும், கூட்டம் இருக்காது, கடைப் பையன்களுக்குப் பொறுமை இருக்கும், நீங்கள் கேட்ட நிறம் இன்னும் விற்றுப்போயிருக்காது.

ஆடிக்குத் தயாராவது ஆனியிலேயே. ஜூன் கடைசியில் உங்களுக்குப் பிடித்த இரண்டு மூன்று கடைகளுக்குச் சும்மா போய், மனதில் நின்ற சேலைகளின் விலைச் சீட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆடியில் அதே சேலைக்குப் புதுச் சீட்டு ஒட்டி, விலையை ஏற்றி, அதிலிருந்து 'ஐம்பது சதவீதம்' கழித்திருக்கிறார்களா என்று அந்தப் படம் சொல்லிவிடும். எனக்கு ஒரு கடையில் இது நடந்தது. படத்தைக் காட்டினேன். கல்லாவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "வேற பாருங்கம்மா" என்றார்.

தள்ளுபடிக் குவியலில் இரண்டு வகை கலந்திருக்கும். ஒரே டிசைன் பத்து நிறத்தில் நாற்பது ஐம்பது அடுக்கியிருந்தால், அது பெரும்பாலும் ஆடிக்கென்றே வரவழைத்த மட்டமான சரக்கு. ஒற்றை ஒற்றையாக, மடிப்பில் லேசாகத் தூசியோடு கிடப்பதுதான் உண்மையில் தேங்கின நல்ல சேலை. அதை எடுக்கலாம், ஆனால் முழுக்கப் பிரித்துப் பாருங்கள். ரொம்ப நாள் ஒரே மடிப்பில் இருந்த பட்டு அந்த மடிப்புக் கோட்டிலேயே இற்றுப்போகும், ஜரிகை ஒடியும். மடிப்பை விரலால் நீவி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரிந்துவிடும். நீளத்தையும் கைமுழம் போட்டுப் பாருங்கள். ஐந்தரை மீட்டர் சேலை ஏறக்குறைய பன்னிரண்டு முழம் வரும். தள்ளுபடிச் சேலையில் ஒரு முழம் குறைந்தால் கொசுவத்தில் இரண்டு மடிப்பு போய்விடும்.

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு ஒரு புதன்கிழமை உள்ளூர் விடுமுறை விடுவார்கள். அன்றைக்குக் கடைவீதிப் பக்கம் துணி எடுக்கப் போகாதீர்கள். அம்மனைப் பார்க்கப் போங்கள், வளையல் வாங்குங்கள், வந்துவிடுங்கள்.

ஆகஸ்ட் 7 தேசிய கைத்தறி நாள். 1905இல் அதே தேதியில் கொல்கத்தாவில் சுதேசி இயக்கம் அறிவிக்கப்பட்டதை நினைவுபடுத்தி 2015 முதல் கொண்டாடுகிறார்கள். முதல் விழா நடந்ததே சென்னையில்தான். அது ஆடிக்குள்ளேயே வருவதால், அந்த வாரம் கைத்தறிக் கண்காட்சி ஏதும் போட்டிருக்கிறார்களா என்று பேப்பரில் பாருங்கள். 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸிலும் தீபாவளியை ஒட்டிச் சிறப்புத் தள்ளுபடி உண்டு. அங்கே பேரம் பேச முடியாது என்பது என்னைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனால் கைத்தறி என்று சொன்னால் கைத்தறிதான்.

படி 3: 'புதுசு' என்றால் எது புதுசு?

ஒரு சேலையில் டிசைன், நிறம், நூல் என்று மூன்று இருக்கிறது. மூன்றில் எது மாறியிருக்கிறது என்று கேட்டுப் பழகுங்கள்.

டிசைன் மாறுவதுதான் கஷ்டம். புட்டாவையும் பார்டரையும் முந்தியையும் வரைந்து, கட்டம் கட்டமாகப் பிரித்து, டிசைனுக்கேற்ப நூலைத் தூக்கிக் கொடுக்கும் ஜக்கார்டு என்ற தறிக் கருவிக்கு ஏற்ற வேண்டும். முன்பு இதற்கு அட்டையில் ஓட்டை போட்டுக் கோத்து மாலை மாதிரி தொங்கவிடுவார்கள். ஓட்டை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போகும், அதோடு சேர்ந்த பாவு நூல் (தறியில் நீளவாக்கில் ஓடுவது) தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. இப்போது பல இடங்களில் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. ஒருமுறை ஏற்றிவிட்டால் அதே டிசைனை எத்தனை நிறத்திலும் ஓட்டலாம். பாவையும், குறுக்கே ஓடும் ஊடை நூலையும் மாற்றினால் போதும். அதனால்தான் ஒரு சேலை சினிமாப் பெயரோடும் சீரியல் பெயரோடும் மறுபடி மறுபடி பிறக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, நிறத்தை மறந்து பார்ப்பது. போனில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். உங்கள் ஆல்பத்தில் இருக்கும் பழைய சேலையின் புட்டா எட்டிப் பார்த்தால், நீங்கள் எடுக்கப்போவது புது நிறம் மட்டும். அது தப்பில்லை. நிறம் பிடித்திருந்தால் தாராளமாக எடுங்கள், புது டிசைனுக்கான விலையைக் கொடுக்காதீர்கள்.

நூல் மாறுவதைத்தான் நாம் கவனிப்பதே இல்லை. அதே டிசைன், அதே நிறம், போன வருடம் பருத்தி ஊடை, இந்த வருடம் பாலியெஸ்டர் ஊடை. கையில் எடுத்தால் கனம் குறைந்திருக்கும், விலை மட்டும் குறைந்திருக்காது.

படி 4: ஒருமுறையாவது இளம்பிள்ளை போய் வாருங்கள்

சேலத்திலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். சிவதாபுரம், சித்தர் கோவில் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் கஞ்சமலை கூடவே வரும். அமாவாசை அன்று மட்டும் வேண்டாம். சித்தர் கோவில் கூட்டத்தில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வரவேண்டும்.

ஊருக்குள் நுழைந்ததும் விசைத்தறிச் சத்தம்தான் வரவேற்கும். தெருவுக்குத் தெரு மொத்தக் கடை. இங்கிருந்து பல ஊர்க் கடைகளுக்கும் வாட்ஸ்அப்பில் சேலை விற்கும் பெண்களுக்கும் பண்டல் பண்டலாகச் சரக்கு போகிறது. உள்ளே போனவுடன் கேட்பார்கள்: "கடைக்குங்களா, வீட்டுக்குங்களா அக்கா?" வீட்டுக்கு என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். சில கடைகளில் இத்தனை சேலை எடுத்தால்தான் மொத்த விலை என்பார்கள், சிலவற்றில் ஒன்றிரண்டும் கொடுப்பார்கள். வியாபாரி மாதிரி நடித்தால் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள், நான் மாட்டியிருக்கிறேன். நான்கைந்து பேர் சேர்ந்து போவதே சரி. நாங்கள் நாத்தனார், ஓரகத்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று ஒரு படையாகப் போவோம். ஒரு கட்டுச் சேலை வாங்கிப் பிரித்துக்கொள்வோம். பச்சைக்கு வருகிற சண்டை தனி.

எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்று தெரிந்து போங்கள். 'சாஃப்ட் சில்க்' என்று சில நூறு ரூபாய்க்குக் கொடுப்பது பட்டு அல்ல. பட்டு போலப் பளபளக்கும் செயற்கை நூல். அதைப் பட்டு என்று நினைத்து எடுத்தால் ஏமாற்றம், வளைகாப்புக்கும் ஆபீஸுக்கும் கட்டுகிற கவலையில்லாத சேலை என்று எடுத்தால் லாபம். இளம்பிள்ளைக்காரர்கள் இதில் பெரும்பாலும் நேராகவே பேசுவார்கள். நூல் என்ன என்று கேட்டால் சொல்வார்கள். அதே சேலை நகரத்துக்கு வந்து ஏசி அறையில் தொங்கும்போதுதான் பட்டாகிறது.

இன்னொரு லாபமும் உண்டு. தீபாவளிக்குக் கடைவீதியில் வரப்போகிற நிறங்கள் என்னவென்று ஆவணியிலேயே இங்கே பண்டல்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். எனக்கு இந்தப் பயணத்தில் வாங்குவதைவிட இதில்தான் ருசி.

படி 5: பட்டைச் சோதிப்பது

கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் தீபாவளிக்கு, என் சம்பளத்தில் அம்மாவுக்கு 'சுத்தப் பட்டு' எடுத்தேன். எந்தக் கடை என்பது வேண்டாம். வீட்டில் அத்தை முந்தியின் குஞ்சத்திலிருந்து நான்கு இழை உருவி, விளக்கில் காட்டினார். சுருண்டு உருகிக் குண்டூசித் தலை மாதிரி கெட்டியாக உருண்டது. அம்மா அந்தச் சேலையை இன்றைக்கும் விசேஷத்துக்குக் கட்டுகிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அசல் பட்டு எரியும்போது முடி பொசுங்கும் வாடை வரும். தீயை எடுத்ததும் அணையப் பார்க்கும், மிச்சமாகும் கரியை விரலில் நசுக்கினால் பொடியாகும். உருகிக் கெட்டியானால் செயற்கை. பேப்பர் எரிகிற வாடை வந்தால் பருத்தியோ ரேயானோ. பாவு ஒரு நூல், ஊடை வேறு நூல் என்று கலந்து நெய்வதும் உண்டு. அதனால் இரண்டு பக்கத்து இழையையும் தனித்தனியாக எரித்துப் பாருங்கள். விலையுயர்ந்த சேலை என்றால் கடையிலேயே கேளுங்கள். சுத்தப் பட்டு விற்பவர் இழை கொடுக்கத் தயங்கமாட்டார்.

இழை உருவச் சங்கடமாக இருந்தால் சில்க் மார்க் சீட்டைப் பாருங்கள். மத்தியப் பட்டு வாரியம் 2004இல் கொண்டுவந்தது. சில்க் மார்க் இருந்தால் பட்டு என்று அர்த்தம், கைத்தறி என்று அர்த்தமில்லை. 2006இல் வந்த ஹேண்ட்லூம் மார்க் இருந்தால் கைத்தறி, அது பட்டு என்று அர்த்தமில்லை. இந்த இரண்டையும் குழப்பி விற்பவர்கள் இருக்கிறார்கள். கைத்தறிப் பட்டுக்கு விலை கொடுக்கிறீர்கள் என்றால் இரண்டு சீட்டையும் கேளுங்கள்.

ஜரிகைக்கு நகத்தால் மெல்லச் சுரண்டும் வழி உண்டு. பாரம்பரிய அசல் ஜரிகை, பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றி, தங்க முலாம் பூசியது. உள்ளே இருக்கும் நூல் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பாலியெஸ்டர் நூல் எட்டிப் பார்த்தால் அது சாதா ஜரிகை. சாதா ஜரிகையும் நன்றாகவே மின்னும், அதற்கேற்ற விலை கொடுங்கள்.

நிறத்துக்கு ஒரே விதிதான்: கடை விளக்கில் முடிவு செய்யாதீர்கள். "வெளிச்சத்துல ஒருதடவ பாத்துக்கறனுங்க" என்று வாசலுக்கு எடுத்துப் போங்கள். கூடவே ஒரு பையன் வருவான், வரட்டும். கடைக்குள் அரக்காக இருந்தது வாசலில் காப்பிப் பொடி நிறமாவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அடர் நிறப் பருத்தி என்றால் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பார்டரில் தேய்த்துப் பார்த்தால் சாயம் நிற்குமா என்பதும் தெரியும்.

படி 6: ஆண்களுக்கு வெண்பட்டு

மாப்பிள்ளைக்கு வேட்டி எடுக்க வேறு ஊருக்குப் போகும் சேலத்துக்காரர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. எட்டு முழ வேட்டியும் அங்கவஸ்திரமும் செட்டாகக் கேளுங்கள். இரண்டும் ஒரே வெள்ளையா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனித்தனிப் பாவில் வந்திருந்தால் ஒன்று பாலாகவும் ஒன்று மோராகவும் தெரியும், மேடை விளக்கில் அது எல்லாப் போட்டோவிலும் விழும். வீட்டில் பிளாஸ்டிக் உறையில் போடாமல் துவைத்த வெள்ளைத் துணியில் சுற்றி வையுங்கள், மஞ்சள் பாய்வது தள்ளிப்போகும்.

படி 7: கொலுசு

சேலை எடுத்துவிட்டுச் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போகாமல் வீட்டுக்கு வருவது எனக்கு முடியாத காரியம். இந்தியா முழுக்கக் கால்களில் கிலுங்குகிற கொலுசில் கணிசமானது சேலத்தில் செய்தது. பெரிய தொழிற்சாலை எதுவும் கண்ணில் படாது. செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் என்று வீடு வீடாக நடக்கிற வேலை. ஒரு வீட்டில் கம்பி இழுப்பார்கள், இன்னொரு வீட்டில் சலங்கை பிடிப்பார்கள், வேறொரு வீட்டில் பொடி வைத்துப் பற்றவைப்பார்கள், கடைசியில் மெருகு.

இங்கே கேட்க வேண்டிய வார்த்தை 'டச்'. நூற்றுக்கு எவ்வளவு வெள்ளி என்பதுதான் டச். 80 டச்சில் 100 கிராம் கொலுசு வாங்கினால் அதில் வெள்ளி 80 கிராம். சுத்த வெள்ளி மெத்தென்று வளைந்துவிடும், அதனால் செம்பு சேர்ப்பது தேவைதான். பற்றவைக்கிற பொடியிலும் வேறு உலோகம் உண்டு என்பதால், பற்று அதிகமுள்ள நுணுக்க வேலைக் கொலுசில் டச் இறங்கும். இதெல்லாம் மோசடி அல்ல. சொல்லாமல் விற்பதுதான் மோசடி. எடை, டச், செய்கூலி, 3 சதவீத ஜிஎஸ்டி நான்கும் பில்லில் எழுதி வாங்குங்கள். நாளைக்கு மாற்றும்போது அந்த எழுத்துதான் பேசும். வாயால் "நல்ல வெள்ளிங்க" என்று சொன்னதற்கு எடைக்கல் கிடையாது.

கொலுசின் திருகாணியை நாலைந்து முறை திருகிப் பாருங்கள், நடந்தும் பாருங்கள். சலங்கை நிறைய வைத்தது கடையில் இனிக்கும், ஆபீஸில் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைக்கும். கறுத்துப்போனால் பயப்பட வேண்டாம், காற்றில் இருக்கும் கந்தகம் பட்டால் நல்ல வெள்ளியும் கறுக்கும். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

(அலைந்த களைப்புக்கு வழியில் ஒரு தட்டுவடை செட், அதாவது தட்டுவடைகளுக்கு நடுவே பீட்ரூட் துருவலும் சட்னியும் வைத்தது. சேலையைப் பையில் போட்டு முடிச்சுப் போட்ட பிறகு. பீட்ரூட் சாயம் எந்தப் பட்டிலும் போகாது.)

படி 8: கல்யாண மண்டபக் கண்காட்சிகள்

பண்டிகைக்கு முன் மண்டபங்களிலும் ஹோட்டல் ஹால்களிலும் இரண்டு மூன்று நாள் விற்பனை போடுவார்கள். வேறு மாநிலத் துணிகளை ஒரே இடத்தில் தொட்டுப் பார்க்க நல்ல வாய்ப்பு, நான் தவறாமல் போவேன். ஆனால் நாளை மறுநாள் அந்த ஸ்டால் அங்கே இருக்காது. குறை இருந்தால் போய்க் கேட்க ஆள் இல்லை. அதனால் அங்கே பருத்தி, துப்பட்டா, ஜாக்கெட் துணி மட்டும் எடுப்பேன், விலையுயர்ந்த பட்டு எடுப்பதில்லை. கடைசி நாள் மாலை போனால், திருப்பிச் சுமக்க மனமில்லாமல் விலையை இறக்குவார்கள். நல்லது போயிருக்கும் என்பது அதன் மறுபக்கம்.

படி 9: டெய்லர்

இதில்தான் எல்லோரும் கவிழ்கிறார்கள். தீபாவளிக்கு நான்கு வாரம் முன்பாவது ஜாக்கெட் டெய்லரிடம் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பிறகு போனால் "வைங்க அக்கா, பாக்கலாம்" என்பார். அந்தப் 'பாக்கலாம்' எந்த அகராதியிலும் இல்லாத அர்த்தம் கொண்டது. லைனிங் துணியையும் பால்ஸையும் கொடுக்குமுன் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவையுங்கள். இல்லையென்றால் முதல் துவைப்பில் அவை சுருங்கிச் சேலையின் ஓரத்தைச் சுருட்டிக்கொள்ளும். சேலையோடு வரும் ஜாக்கெட் பிட்டு பெரும்பாலும் எண்பது சென்டிமீட்டர்தான், நீளக் கை வேண்டும் என்றால் முதலிலேயே அளந்து கேளுங்கள்.

படி 10: ஏற்காட்டில் கட்டிப் பார்ப்பது

புதுச் சேலையை முதலில் கட்ட எனக்கு ஏற்காடுதான் பிடிக்கும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால், கடைவீதியில் வியர்த்து ஒட்டிய அதே பட்டு அங்கே உடம்பில் அழகாக நிற்கும். படம் எடுக்க வேண்டும் என்றால் காலையில் சீக்கிரம் போங்கள். மதிய வெயில் ஜரிகையை வெள்ளைப் புள்ளியாக்கிவிடும். மே மாதக் கோடை விழா, மலர்க் கண்காட்சி சமயத்தில் போனால் பூவைவிட ஆள் தலைதான் படத்தில் விழும். வாரநாளில் காப்பித் தோட்ட ஓரம், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நின்றால் அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து மூன்றும் எடுப்பாக வரும். கரும்பச்சைச் சேலை மட்டும் இலைக்குள் கரைந்துபோகும். கோடை மழை விழுந்து காப்பி பூக்கிற சில நாட்கள் செடியெல்லாம் வெள்ளை, ஊரெல்லாம் மல்லிகை மாதிரி வாசம். அன்றைக்கு வெள்ளை கட்டாதீர்கள்.

சேர்வராயன் கோவில் மேட்டில் காற்று கொசுவத்தைக் கலைத்துவிடும், தோளில் இரண்டு ஊக்கு, இடுப்பில் ஒன்று குத்திக்கொள்ளுங்கள். பனிமூட்டம் இறங்கும் நாளில் பட்டு வேண்டாம். ஈரம் பட்ட பட்டில் வட்டம் வட்டமாகக் கறை நிற்கும். கொஞ்சம் கனமான கைத்தறிப் பருத்தியும் ஒரு சால்வையும் போதும். வீட்டுக்கு வந்ததும் பட்டை மடிக்காமல் நிழலில் ஒரு மணி நேரம் ஆறவிட்டு, பழைய மடிப்பு விழாத இடமாகப் பார்த்து மடித்து வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும். நான் அதற்குப் போனில் அலாரம் வைத்திருக்கிறேன்.